அந்தத் தேதி ஆகாது என்றார் ஒரு தாய்



2024ஆம் ஆண்டு ஸஃபர் மாதத்தின் பிற்பகுதியில் ஒரு நாள். மஃரிபுத் தொழுகை முடிந்து பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க அமர்ந்திருந்த வேளையில், மதரஸாவின் வாசற்படியருகே ஒரு தாய் வந்து நின்றார். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, தொழிற்சாலைப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்ற சாலையையொட்டிய சிற்றூர் எங்களுடையது. அந்த அம்மையாரை நான் நன்கறிவேன். அவருடைய மூத்த மகன் சிறு வயதில் என்னிடம் ஓதியவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக் கொண்டிருந்தவன்.

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. மகனுக்குத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளர் வேலை கிடைத்திருந்தது. மகிழ்ச்சி தெரிவிக்க வாயெடுத்தேன். அவர் முகத்திலோ மகிழ்ச்சி இல்லை.

"ஹஜ்ரத், செப்டம்பர் 10ஆம் தேதி வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதி எங்கள் வீட்டுக்கு ஆகாது" என்றார்.

காரணம் கேட்டேன். அவருடைய மாமனார் நெஞ்சுவலியால் இறந்தது 1994 செப்டம்பர் 10. அவருடைய கணவர் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போனவர், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் லாரி மோதி இறந்தது 2014 செப்டம்பர் 10. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே தேதி. இப்போது பேரனை வேலைக்கு அழைப்பதும் அதே தேதி. "தேதியை மாற்றிக் கேட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்கிறான் பையன். நீங்கள் ஒரு தாயத்தாவது ஓதித் தாருங்கள். இல்லையென்றால் போக வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் சொல்லைத் தட்டமாட்டான்" என்றார்.

மாதமும் ஸஃபர். 'ஸஃபர் பீடை' என்ற சொல்லை நம் வீடுகளில் கேளாதவர் உண்டா? அம்மாதத்தில் திருமணம் வைக்கமாட்டோம். புது வீடு புகமாட்டோம். கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்று சொல்லி, மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. ஸஃபரில் பீடை என்று எதுவும் இல்லையென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்க, நாம் எங்கிருந்தோ இதைத் தேடிக் கொண்டோம். இதையெல்லாம் அந்த அம்மையாரிடம் அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமனாரையும் கணவரையும் ஒரே தேதியில் இழந்த ஒருவரிடம் 'அது மூடநம்பிக்கை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட என் நா எழவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டு அனுப்பி வைத்தேன்.

அடியேன் மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனாயினும், கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். தேதி என்றவுடன் பழைய பாடம் நினைவுக்கு வந்துவிடும். அன்று இரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'செப்டம்பர் 10' என்று தலைப்பிட்டு, அந்த நாளில் நடந்தவையாக எனக்குத் தெரிந்தவற்றை எழுதத் தொடங்கினேன். முதலில் எழுதியது எங்கள் பகுதியிலிருந்து மேற்கே சென்றால் ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய ஓர் ஊரைப் பற்றி.

புள்ளலூர்

காஞ்சிபுரத்துக்குச் சில மைல் தொலைவில், வயல்களுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கிறது புள்ளலூர். ஆங்கிலேயர் இதைப் 'பொள்ளிலூர்' என்று எழுதினர். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஹைதர் அலியும் அவருடைய மகன் திப்பு சுல்தானும் கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அடியோடு முறியடித்தனர். அதுவரை இந்திய மண்ணில் கம்பெனி கண்ட தோல்விகளிலெல்லாம் மிகப் பெரியது அதுவே.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவ்வாண்டு ஜூலையில் ஹைதர் பெரும்படையுடன் மலைக் கணவாய்களைக் கடந்து கர்நாடகத்துக்குள் இறங்கினார். அன்று ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிக்குக் கர்நாடகம் என்றே பெயர். நவாப் முஹம்மதலி வாலாஜா கம்பெனியின் பக்கம் இருந்தார். எங்கள் சாலையின் மறுமுனையில் உள்ள வாலாஜாபாத் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. பக்ஸார் போரில் வென்று புகழ்பெற்ற ஜெனரல் ஹெக்டர் மன்றோ சென்னையிலிருந்து ஒரு படையுடன் காஞ்சிக்கு வந்தார். வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து பெய்லி இன்னொரு படையுடன் வந்து அவரோடு சேர வேண்டும். இரண்டும் சேர்ந்துவிட்டால் ஹைதருக்குச் சிரமம். சேரவிடாமல் தடுத்தால் வெற்றி. போர் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

ஆகஸ்டு மாதக் கடைசியில் பெய்லி கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தார். அன்று மாலை ஆற்றில் நீர் குறைவு; இறங்கிக் கடந்திருக்கலாம். காலையில் கடப்போம் என்று கரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேலாக அக்கரையிலேயே கிடக்க நேர்ந்தது. செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்துத் தாக்கினார். உதவிக்கு மன்றோ அனுப்பிய கர்னல் பிளெட்சரின் ஆயிரம் பேர் 9ஆம் தேதி வந்து சேர்ந்தனர். வழிகாட்டிகளை நம்பாமல் பிளெட்சர் பாதையை மாற்றி வந்ததால்தான் அவரால் வர முடிந்தது. அன்றிரவு படை புறப்பட்டது. இரவோடு இரவாக நடந்திருந்தால் காஞ்சியை எட்டியிருக்கக்கூடும். பெய்லியோ இடைவழியில் நிறுத்தி, விடியட்டும் என்று காத்திருந்தார். விடிந்தபோது எதிரே திப்பு மட்டுமல்ல, ஹைதரின் முழுப் படையும் நின்றது.

மைசூர்ப் படையின் பீரங்கிகளும் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளும் பொழிந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்துச் சிதறின. மருந்து போனபின் சதுர வடிவில் அணிவகுத்து நின்று எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அழிந்தது. பிளெட்சர் மாண்டார். பெய்லி காயத்துடன் சிறைப்பட்டு, 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே உயிர்விட்டார். பீரங்கி முழக்கம் காதில் விழும் தொலைவில் காஞ்சியில் இருந்த மன்றோ உரிய நேரத்தில் உதவிக்குச் செல்லவில்லை. செய்தி கேட்டதும் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு நோக்கிப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போர் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டிருப்பதை, மைசூர்ச் சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த வெற்றியைப் பெருமையுடன் சொல்வது நம்மவரிடையே வழக்கம். பெருமைக்குரியதுதான். எனினும் வரலாறு படித்தவன் பாதியை மறைக்கலாகாது. வெட்டுண்டு கிடந்த கம்பெனிச் சிப்பாய்களிலும் முஸ்லிம்கள் இருந்தனர். தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த சிற்றூர்களைக் கொளுத்தியது. அதன்பின் வந்த பஞ்சத்தில் மடிந்த குடியானவர்கள் இந்த மண்ணின் மக்களே. அவர்களுக்குச் செப்டம்பர் 10 வெற்றி நாளாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

பிறையைக் கணக்கிட்டபோது

இங்கே ஒரு செய்தி. 1780 செப்டம்பர் 10 ஹிஜ்ரிக் கணக்கில் எந்த நாள் என்று பார்த்தேன். ஹிஜ்ரி 1194, ரமலான் பிறை 11! அந்தப் போர் நடந்தது நோன்பு மாதத்தில். பத்ருப் போர் நடந்ததும் ரமலானில், மக்கா வெற்றி கிட்டியதும் ரமலானில் என்று பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லித் தருகிறேன். பக்கத்து ஊரில் நடந்த இதைச் சொல்லித் தந்ததில்லை.

இந்தப் பிறைக் கணக்கில் வேறொரு கதையும் அடங்கியிருக்கிறது. மறு ஆண்டு, 1781 ஆகஸ்டு 27 அன்று, அதே புள்ளலூரில் இரண்டாம் போர் நடந்தது. இம்முறை கம்பெனியின் தளபதி சர் அயர் கூட். சென்ற ஆண்டு பெய்லியை வென்ற அதே இடத்தில் ஹைதர் காத்து நின்றார். ஆங்கில வரலாற்றாசிரியர்கள் இதற்குச் சொல்லும் காரணம் வியப்பானது: அந்த இடமும் ராசியானது, ரமலான் 11 என்ற அந்த நாளும் ராசியானது, சென்ற ஆண்டு போலவே வெற்றி கிட்டும் என்று சோதிடர்கள் ஹைதரிடம் கூறியிருந்தார்களாம்.

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 1781 ஆகஸ்டு 27, ஹிஜ்ரி 1195 ரமலான் 7 என்று வருகிறது. பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். நான்கு நாள் வேறுபாட்டுக்கு அது காரணமாகாது. ரமலான் 11 அவ்வாண்டு ஆகஸ்டு 31 அளவில்தான் வந்திருக்க வேண்டும். எனவே 'அதே நாள்' என்பது சோதிடர் பிழையோ, எழுதியவர் பிழையோ. பகைவர் எழுதிய வரலாற்றில் ஹைதரின் மூடநம்பிக்கை சற்று ஊதிப் பெருக்கப்பட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். எழுத்தறியாதவராயினும் போர்க்களத்தின் மேடுபள்ளங்களை மனப்பாடமாக வைத்திருந்த அந்த மனிதர், தாம் நன்கறிந்த நிலத்தில் நின்று போரிட விரும்பினார் என்று சொன்னாலே போதும், சோதிடர் தேவையில்லை.

ராசி என்ன செய்தது? பொழுதெல்லாம் போர் நடந்தது. கம்பெனித் தரப்பில் ஜெனரல் ஸ்டூவர்ட் பீரங்கிக் குண்டுபட்டு ஒரு காலை இழந்தார். மாலையில் ஹைதர் களத்தை விட்டு விலகினார். கூட்டின் படையோ உணவில்லாமல் திருப்பாச்சூருக்குத் திரும்பிற்று. எவரும் வென்றதாகச் சொல்ல முடியாத போர் அது. ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் இரண்டு இன்றும் அவ்வூர் வயலோரம் நிற்கின்றன.

அதே ஊரில் இன்னும் பழைய போர் ஒன்றும் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அப்பகைவன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அரேபியாவில் வாழ்ந்திருந்த காலத்தை ஒட்டிய நிகழ்ச்சி அது. செப்பேட்டில் அப்போருக்குத் தேதி இல்லை. தேதி இல்லாததால் அதற்கு ராசியும் இல்லாமற் போயிற்று!

வேறு செப்டம்பர் 10கள்

நோட்டுப் புத்தகத்தில் அடுத்து எழுதிய ஆண்டு 1965. இந்திய - பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் கேம்கரன் பகுதியில், 4ஆம் கிரனேடியர்ஸ் படைப்பிரிவின் ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு பாட்டன் டாங்குகளை ஒவ்வொன்றாக அழித்து, இறுதியில் தாமும் குண்டுக்கு இரையானார். உத்தரப்பிரதேசத்தின் காஸிப்பூர் மாவட்டத்தில் தாமுப்பூர் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்தவர் அவர். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. விருதுக் குறிப்பு தரும் நாள் செப்டம்பர் 10, அன்று வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரிக் கணக்கில் 1385 ஜமாதுல் அவ்வல் நடுப்பகுதி. ஆங்கிலத் தேதியில் புள்ளலூரும் கேம்கரனும் ஒரே நாள்; பிறைக் கணக்கில் இரண்டுக்கும் உறவே இல்லை.

மாறாக, பிறைக் கணக்கில் புள்ளலூரோடு நெருங்கி நிற்பது 1973ஆம் ஆண்டு அக்டோபர் 6. எகிப்துப் படை சூயஸ் கால்வாயைக் கடந்த நாள். ரமலான் பிறை 10. எகிப்தியர் அதன் நினைவாக ஒரு நகருக்கே 'ரமலான் பத்து' என்று பெயரிட்டனர். எதிரியான யூதர்களுக்கும் அன்று அவர்களது நாட்காட்டிப்படி மிகப் புனிதமான நோன்பு நாள். அவர்கள் அப்போருக்குத் தங்கள் நோன்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஓர் ஆண்டில் செப்டம்பர் 10 என்ற நாளே சென்னைக் கோட்டையில் வரவில்லை! 1752இல் இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டுக் கிரகோரி நாட்காட்டிக்கு மாறியது. செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு உறங்கியவர்கள் மறுநாள் விழித்தபோது செப்டம்பர் 14, வியாழக்கிழமை. நடுவிலிருந்த 11 தேதிகளைப் பாராளுமன்றச் சட்டம் ஒன்று எடுத்து எறிந்துவிட்டது. ஆங்கிலேயர் ஆண்ட இடமெல்லாம் இதுவே சட்டம். கிழமையோ, சூரியனோ, சந்திரனோ இதனால் கடுகளவும் மாறவில்லை.

நம் நாட்காட்டியும் மனிதர் கூடிப் பேசி வகுத்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மாதங்கள் இருந்தன. ஆண்டுகளுக்கு எண் இல்லை. 'யானை ஆண்டு' என்பது போல நிகழ்ச்சியைச் சொல்லியே ஆண்டைக் குறித்தனர். கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஷஃபான் மாதம் என்று மட்டும் குறித்த ஆவணம் ஒன்று வந்ததாம். எந்த ஷஃபான், சென்றதா வரப்போவதா என்று அவர்கள் கேட்டார்கள். ஆலோசனை நடந்தது. ஹிஜ்ரத்திலிருந்து ஆண்டை எண்ணுவது என்று முடிவாயிற்று.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகையால் நம் பண்டிகைகள் ஆங்கில மாதங்களினூடே பின்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. 1780இல் ரமலானுக்குள் விழுந்த செப்டம்பர் 10, 2008இலும் ரமலானுக்குள் விழுந்தது. அன்று பிறை ஒன்பது அல்லது பத்து. ஆங்கிலக் கணக்கில் இடைவெளி 228 ஆண்டு. நம் கணக்கில் 235 ஆண்டு. காலம் ஒன்றுதான், எண்ணுகிற கயிறு வேறு.

எங்கள் ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக் கொள்ளுங்கள். 1991ஆம் ஆண்டு மே 21 இரவு முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி அங்கே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவரோடு மேலும் பலர் மாண்டனர். அன்றிலிருந்து மே 21 நாடெங்கும் பயங்கரவாத எதிர்ப்பு நாள். அதே ஊரில் பிறந்த இராமானுசரின் பிறந்த நாளை வைணவர்கள் ஆங்கிலத் தேதியில் கொண்டாடுவதில்லை. சித்திரை மாதத்துத் திருவாதிரை நட்சத்திரத்தில் கொண்டாடுகிறார்கள். நாமோ பிறை பார்க்கிறோம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினத்தாள் காலண்டரில் ஒரே தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், நட்சத்திரம், பிறை, ராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. ராகு காலத்தை நம்மவர் ஓரக்கண்ணால் பார்ப்பதில்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை.

ஒரே நாளில் வந்த கிரகணம்

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபோது, நான் தேடிக் கொண்டிருந்தது நம் வீட்டிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம், பால்குடி மாறாத குழந்தை, மதீனாவில் மரணித்தார். அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. வானியலார் கணக்கில் அது கி.பி. 632 ஜனவரி 27. இறைத்தூதரின் மகன் இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினர். பெற்ற பிள்ளையை இழந்து கண்ணீர் வடித்திருந்த நேரம் அது. மக்கள் பேச்சை அப்படியே விட்டிருந்தால் தடுப்பார் எவருமில்லை. ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. துக்க வீட்டின் தலைவரே இதைச் சொன்னார் என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது.

முஹர்ரம் 10ஐயும் எண்ணிப் பாருங்கள். மூஸா (அலை) அவர்களும் அவர்களது கூட்டத்தாரும் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்ட நன்றிக்காக நோன்பு நோற்கும் நாள் அது. ஹிஜ்ரி 61இல் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்கள் கர்பலாவில் ஷஹீதான நாளும் அதுவே. அது நல்ல நாளா, கெட்ட நாளா? எவராலும் ஒரே சொல்லில் விடை கூற முடியாது.

அம்மையார் மீண்டும் வந்தார்

இரண்டு நாள் கழித்து அவர் வந்தபோது, புள்ளலூரையும் கேம்கரனையும் நான் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "அம்மா, உங்கள் மாமனாருக்கும் கணவருக்கும் ஆண்டு ஃபாத்திஹா ஓதுகிறீர்களே, எந்த நாட்களில்?"

(ஆண்டு ஃபாத்திஹா கூடும், கூடாது என்ற விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் அது.)

அவர் சற்று யோசித்தார். மாமனாருக்கு ரபீவுல் ஆகிர் தொடக்கத்தில். கணவருக்கு துல்கஃதா நடுவில். இரண்டுக்கும் இடையே ஏழு மாதம். பிறைக் கணக்கில் அந்த வீட்டில் ஒருவருக்கும் இரண்டும் ஒரே நாள் என்று தோன்றியதில்லை. கணவர் இறந்தபின் இறப்புச் சான்றிதழ் வாங்கி, வங்கிக் கணக்குக்காகவும் இழப்பீட்டுக்காகவும் இரு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்தத் தேதி பேசத் தொடங்கியிருக்கிறது.

"அப்படியானால் காகிதத்தில்தான் ஒன்றாக இருக்கிறதா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"காகிதத்திலும் உண்மைதான் அம்மா. 1994இல் அது சனிக்கிழமை, 2014இல் புதன்கிழமை. ஆங்கிலத் தேதி ஒன்று" என்றேன். பொய் சொல்லித் தேற்ற எனக்கு விருப்பமில்லை. ஒரு வீட்டில் நடக்கும் இரண்டு மரணங்கள் ஒரே தேதியில் விழ 365இல் ஒரு வாய்ப்பு உண்டு. எங்கள் சாலையோரம் எத்தனை ஆயிரம் வீடுகள்! அவற்றில் சில வீடுகளிலாவது இப்படி நேர்ந்தே தீரும். நேர்ந்த வீட்டுக்கு மட்டும் அது தனக்கென்றே எழுதப்பட்டது போலத் தோன்றும். மதரஸாவில் இருந்த நாற்பது பிள்ளைகளிடமும் பிறந்த தேதியைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒரே நாள். அவர்களுக்கு ஒரே குதூகலம். 23 பேர் கூடினாலே இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாயிருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்பது கணக்கு படித்தவர்கள் அறிந்த செய்தி. மகிழ்ச்சியான தேதி ஒன்றுபட்டால் விளையாட்டு என்கிறோம். மரணத் தேதி ஒன்றுபட்டால் விதி என்கிறோம்.

கணவர் இறந்ததற்குத் தேதியைவிட அருகிலேயே காரணங்கள் இருந்தன. அந்தத் திருப்பத்தில் அப்போது விளக்கு இல்லை. இரவில் எச்சரிக்கை விளக்கின்றி நிற்கும் லாரிகளை இச்சாலையில் இன்றும் பார்க்கலாம். அவர் ஓட்டிச் சென்றது இரு சக்கர வண்டி. தலைக்கவசம் வண்டியில் மாட்டியிருந்தது, தலையில் இல்லை. கொற்றலையாற்றின் கரையில் ஒரு மாலைப் பொழுதைத் தவறவிட்ட பெய்லிக்குச் செப்டம்பர் 10 என்ன செய்தது என்று கேட்பதும், இவருக்குச் செப்டம்பர் 10 என்ன செய்தது என்று கேட்பதும் ஒன்றே. இதை அம்மையாரிடம் நான் இவ்வளவு விரித்துச் சொல்லவில்லை. தலைக்கவசத்தை மட்டும் சொன்னேன். மகன் கம்பெனிப் பேருந்திலேயே போய் வரட்டும், வண்டியில் வேண்டாம் என்றும் சொன்னேன். தாயத்து தரவில்லை. வீட்டை விட்டுப் புறப்படும்போது ஓதும் துஆவைப் பையன் மறந்திருந்தால் மீண்டும் கற்றுக் கொடுக்கிறேன் என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மௌனமாக இருந்தார். பிறகு, "வரும் பத்தாம் தேதி நம் பிறையில் எந்த மாதம் ஹஜ்ரத்?" என்றார்.

காலண்டரைப் புரட்டினேன். ஸஃபர் அதற்குள் முடிந்துவிடும். "ரபீவுல் அவ்வல், முதல் வாரம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நாயகம் பிறந்த மாதமல்லவா? அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? பிறகென்ன பயம்!"

இரண்டு இரவுகள் விழித்து நான் எழுதிய நோட்டுப் புத்தகம் மேசை மேல் கிடந்தது. அதே ரபீவுல் அவ்வலில்தான் பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்ததும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு, மகனிடம் சொல்வதற்காக விரைந்து நடந்து கொண்டிருந்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, சாலை முனையில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருந்தனர். அவன் கழுத்தில் இன்னும் அட்டை இல்லை. கையில் கடித உறை இருந்தது. என்னைப் பார்த்து ஸலாம் சொன்னான். பேருந்து வந்தது. ஏறிப் போனான்.

மாலை மூன்றரை மணிக்கு அதே பேருந்து திரும்பி வருகின்ற வரையில், அஸருக்கு ஒளு செய்யக்கூட எழாமல் நான் சன்னல் பக்கமே அமர்ந்திருந்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.